எம்பிஏ முடித்த மகளுக்கு எம்பிபிஎஸ் எதற்கு?

ஈரோட்டிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகளுக்கு வயது 26. ப்ளஸ் டூவில் வணிகவியல் பிரிவு, பிறகு பிகாம், எம்பிஏ. வங்கி வேலை பிடிக்காமல் விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறார். “நீட் தேர்வுக்கு வயது வரம்பே இல்லையாமே, டாக்டருக்குப் படிக்க வையுங்கள். இங்கே இடம் கிடைக்காவிட்டால் வெளிநாடு இருக்கிறது” என்று தாய்மாமன் விடாமல் சொல்கிறாராம். காங்கேயம் பக்கம் இருக்கும் நிலத்தை விற்கலாமா என்று கேட்கிறார்.

ஐயா, பெண் வீட்டில் சும்மா இருக்கிறாளே என்ற உங்கள் தவிப்பு புரிகிறது. நிலத்தை மட்டும் விற்காதீர்கள்.

மைத்துனர் சொன்னது பாதி உண்மை. வயது உச்சவரம்பு 2022-ல் நீங்கிவிட்டது. ப்ளஸ் டூவில் உயிரியல் படிக்காதவர்கள் பிறகு கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் நீட் எழுதலாம் என்று 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வழிவிட்டது. அவர் சொல்லாத பாதி இது: உங்கள் மகள் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் முதலிலிருந்து படித்துத் தேற வேண்டும். எம்பிஏ மதிப்பெண்ணுக்கு நீட் தரவரிசையில் ஒரு காசு மதிப்பில்லை. எல்லாம் கூடிவந்தாலும் படிப்பும் பயிற்சியும் ஐந்தரை ஆண்டுகள். வெளியே வரும்போது வயது 33, 34. எம்டி வேண்டுமென்றால் இன்னும் மூன்று.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆண்டுக் கட்டணமே 20 லட்சத்தைத் தாண்டும். வெளிநாட்டுக்கும் நீட் தேர்ச்சி கட்டாயம். 2021 விதிகளின்படி 54 மாதப் படிப்பு, அங்கேயே ஓராண்டுப் பயிற்சி, திரும்பி வந்து தகுதித் தேர்வு, இங்கே மறுபடியும் ஓராண்டுப் பயிற்சி. கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் எம்பிபிஎஸ் என்று அச்சடிக்க, இது கொஞ்சம் அதிகப்படியான செலவு.

மகளிடம் தனியாகப் பேசினேன். ‘டாக்டர் ஆக வேண்டும்’ என்ற பேச்சு அவர் வாயில் ஒரு முறைகூட வரவில்லை. அவர் ஆர்வமாகப் பேசியது ஒன்றைப் பற்றித்தான்: பாட்டிக்கு இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை நடந்தபோது, இன்சூரன்ஸ் மேசைக்கும் வார்டுக்கும் அலைந்து, நின்றுபோன ஒப்புதலை வாங்கிய கதை. “எந்தத் தாள் எங்கே தேங்குகிறது என்று மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது” என்றார். ஐயா, இதற்குப் பெயர்தான் மருத்துவமனை நிர்வாகம்.

டிஸ்சார்ஜ் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது மணிக்கு டாக்டர் “வீட்டுக்குப் போகலாம்” என்கிறார். பணி மருத்துவர் டிஸ்சார்ஜ் சுருக்கம் எழுத வேண்டும். மிச்ச மருந்து மருந்தகத்துக்குத் திரும்ப வேண்டும். வராத பரிசோதனை முடிவு வர வேண்டும். அதன் பிறகே பில் முடியும். பில் போனதும் இன்சூரன்ஸ் நிறுவனம் கேட்கும்: ஐசியூவில் ஒரு நாள் கூடுதலாக ஏன் வைத்தீர்கள்? பதில் சொல்ல வேண்டிய டாக்டர் அறுவை அரங்கில் இருப்பார். நோயாளி உடை மாற்றிக்கொண்டு மாலைவரை அதே படுக்கையில் உட்கார்ந்திருப்பார். அந்தப் படுக்கைக்காக அவசரப் பிரிவில் இன்னொருவர் காத்துக்கிடப்பார். டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்த மூன்று மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் தர வேண்டும் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் உத்தரவிட்டது. ஆனால் மருத்துவமனைக்குள்ளேயே தாள் தேங்கினால் அந்த உத்தரவு என்ன செய்யும்? சுருக்கத்தை முந்தைய இரவே எழுதவைக்கிற ஆள் அங்கே வேண்டும். அந்த ஆளுக்கு ஸ்டெதஸ்கோப் தேவையில்லை.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. அங்கே ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே அடுத்த நோயாளி பக்கத்து மேசையில் தயாராகிவிடுவார். டாக்டரின் நேரம் வீணாகாது. இது முழுக்க ஏற்பாட்டின் வெற்றி. அதன் லைக்கோ நிறுவனம் மருத்துவமனை நிர்வாகத்தில் பயிற்சி தருகிறது. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தர 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைப் பாருங்கள்: மாவட்டக் கிடங்குகள், ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக், வாங்கும் மருந்தின் விலை அதில் கழிக்கப்படும். பிகாம் படித்தவருக்கு இது புரியாதா?

மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் மருத்துவமனை நிர்வாக முதுகலைப் படிப்பு இருக்கிறது. எந்தப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம். ஆனால், எம்பிஏவைக் கையில் வைத்துக்கொண்டு உடனே இன்னொரு பட்டத்துக்கு ஓட வேண்டாம். முதலில் நூறு, இருநூறு படுக்கை மருத்துவமனை ஒன்றில் நிர்வாகப் பயிற்சியாளராகச் சேரட்டும். சம்பளம் வங்கியில் வாங்கியதைவிடக் குறையலாம், ஓராண்டுக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். இரவு வேலையும் உண்டு, அதற்கும் தயாராக இருங்கள்.

ஒருவேளை அவரே, உங்களுக்காக அல்ல, மைத்துனருக்காகவும் அல்ல, மருத்துவம்தான் வேண்டும் என்றால் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தை வாங்கிக் கொடுங்கள். மூன்று மாதம் தானாக உட்கார்ந்து கணக்குப் போட்டால் மறுபடி எழுதுங்கள், பேசுவோம். அதுவரை எந்த ஏஜென்ட்டுக்கும் முன்பணம் கட்டாதீர்கள். மைத்துனர் ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தால் ரசீதோடு போய் இந்த வாரமே திரும்பக் கேளுங்கள்.