மகன் மலேசியாவில் கால்பந்து ஆடுகிறான், அவன் பெயரில் வயல் வாங்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. பாளையங்கோட்டை மைதானங்களில் ஆடி வளர்ந்தவன், ஸ்டாப்பர் பேக், அதாவது கோலுக்கு முன்னால் நின்று தடுத்து ஆடுபவன். போன ஜூலையில் மலேசியாவில் ஒரு கிளப்பில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் சேர்ந்தான். செலவு போக மாதம் ஒன்றரை லட்சம் ரூபாய் தன்னுடைய பழைய சேமிப்புக் கணக்குக்கு அனுப்புகிறான்; ஏடிஎம் கார்டு என்னிடம் இருக்கிறது. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கோட்டை விதைப்பாடு வயல் விலைக்கு வருகிறது, அவன் பெயரிலேயே முடித்துவிடலாம் என்கிறார் மைத்துனர். ஏஜென்ட் ஒருவர் சொன்னதை நம்பி, வருடம் 3 லட்சம் பிரீமியத்தில் 20 வருட எண்டோமென்ட் (சேமிப்பும் ஆயுள் காப்பீடும் சேர்ந்த) பாலிசியும் மகன் பெயரில் போட்டாயிற்று. பாலிசிப் பத்திரம் போன வாரம்தான் வந்தது. மகள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள். நாங்கள் செய்வது சரிதானா?
— வாசகர், விக்கிரமசிங்கபுரம்

பதில்: அண்ணாச்சி, முதலில் பாலிசி. அதற்குத்தான் நாள் குறைவு. பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், முத்திரைத்தாள் செலவு, மருத்துவப் பரிசோதனைச் செலவு, இதுவரை இருந்த காப்பீட்டுக்கான சிறு தொகை ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்துவிட வேண்டும். பாலிசிதாரர் தம்பி, அதாவது உங்கள் மகன், என்பதால் கடிதம் அவர் கையெழுத்தோடு போக வேண்டும். இந்த வாரமே அனுப்பச் சொல்லுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், அந்த பாலிசிக்குக் கடைசி பிரீமியம் கட்டும்போது தம்பிக்கு வயது 45. ஒரு ஸ்டாப்பர் உடம்பு ஒத்துழைத்தால் 34, 35 வரை ஆடலாம். அதற்கே கொடுத்துவைத்திருக்க வேண்டும். தலையால் முட்டுவதும், ஓடிவரும் ஆளை மறித்து விழுவதும், சட்டென்று திரும்புவதும்தான் அவருக்கு வேலை. முட்டியில் ஏசிஎல் என்கிற இணைப்பு நார் கிழிந்தால் ஆபரேஷனுக்குப் பிறகு மைதானத்துக்குத் திரும்ப ஒன்பது மாதம் போல ஆகும். அந்த ஒன்பது மாதத்துக்குள் ஒப்பந்தம் முடிகிறது என்று வையுங்கள். அடுத்த கிளப் யார் கொடுப்பார்? இந்திய அணியின் தடுப்பாட்டக்காரர் சந்தேஷ் ஜிங்கன் 2021-இல் குரோஷியாவின் சிபெனிக் கிளப்புக்குப் போனார். காயம் பட்டு, அங்கே ஒரு லீக் ஆட்டம்கூட ஆடாமல் 2022 தொடக்கத்தில் இந்தியா திரும்பினார். அவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கே அப்படி.

ஆகவே இந்த ஒன்றரை லட்சத்தை மாதச் சம்பளம் என்று கணக்குப் போடாதீர்கள். கார் பருவ நெல் பொய்த்தாலும் அடுத்த பிசானப் பருவ நெல் வரும்வரை சாப்பிட நெல் ஒதுக்கிவைப்பார்களே, அதே கணக்குதான் இதற்கும். தம்பிக்கு ஒரு வருடம் ஆட்டமே இல்லை என்றாலும் வீட்டுச் செலவு, மகள் படிப்பு, அவருடைய சிகிச்சை, பயிற்சி எல்லாம் நடக்க வேண்டும். உங்கள் நிலைமைக்கு 12 லட்சம் தேவைப்படும் என்பது என் கணிப்பு. அது சேரும்வரை வேறு எதற்கும் கை வைக்க வேண்டாம். இந்தப் பணத்தை என்ஆர்இ (வெளிநாட்டில் இருப்பவர் அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கான வங்கிக் கணக்கு) வைப்புநிதியில் ஒரு லட்சம் ஒரு லட்சமாகப் பிரித்துப் போடுங்கள். அவர் வெளிநாட்டில் இருக்கும்வரை அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை. ஒரு வருடத்துக்கு முன்னால் உடைத்தால் வட்டி கிடைக்காது. பிரித்துப் போட்டிருந்தால் தேவைக்கு ஒன்றை மட்டும் உடைக்கலாம்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. வேலைக்காக வெளிநாடு போனவர் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. அதை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாட்டில் இருப்பவரின் உள்ளூர் வரவு செலவுக்கான கணக்காக, மாற்ற வேண்டும். மலேசியாவிலிருந்து வரும் பணத்துக்குத் தனியாக என்ஆர்இ கணக்கு. வீட்டுச் செலவுக்கு உள்ளதை உங்கள் சொந்தக் கணக்குக்கே அவர் அனுப்பட்டும். மகன் அப்பாவுக்குக் கொடுக்கும் பணத்துக்கு உங்களுக்கு வரி கிடையாது.

இனி வயல். அவர் பெயரில் வாங்கவே கூடாது. அந்நியச் செலாவணிச் சட்டப்படி என்ஆர்ஐ (வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்) விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு எதையும் விலைக்கு வாங்க முடியாது. பத்திரப்பதிவின்போது யாரும் கேட்காமல் போகலாம். பிறகு பிடிபட்டால் அபராதம் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை போகலாம். பாளையங்கோட்டையில் வீடோ மனையோ வாங்கத் தடையில்லை. பரம்பரைச் சொத்தாக வயல் வந்தாலும் வைத்துக்கொள்ளலாம்.

சரி, உங்கள் பெயரில் வாங்கினால்? வாங்கலாம். ஆனால் தம்பி உங்களுக்குக் கொடுத்த பணம் கொடுத்ததுதான். நிலம் முழுக்க உங்களுடையது. ‘பெயர்தான் அப்பா பெயர், வயல் என் வயல்’ என்ற வாய்ப்பேச்சு பினாமி சட்டத்தில் மாட்டும். நீங்கள் உயில் எழுதாவிட்டால் மகளுக்கும் அதில் சம பங்கு உண்டு. தம்பி இதைத் தெரிந்துகொண்டு மனமொப்பிச் சொல்லட்டும். இடிக்கிற முட்டியை வைத்துச் சம்பாதிக்கிற பிள்ளையின் பணம் அது. பத்து வருடம் கழித்து அண்ணன் தங்கை முகம் பார்க்காமல் போவதற்கு அது காரணமாகக் கூடாது.

ஒப்பந்தத்தின் நகல் உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எழுதியிருக்கும் சம்பளம் வரி போகவா, வரியோடு சேர்த்தா என்று பாருங்கள். மலேசியாவில் வரிக் கணக்குப்படி அந்நாட்டுவாசி ஆகாதவருக்கு ஒரே விகிதமாக 30 சதவீதம். காயம் பட்டால் சிகிச்சை யார் செலவு என்பதும் அதில் இருக்க வேண்டும். ‘தனியாகக் கையில் தருகிறோம்’ என்று கிளப் சொன்ன தொகையைப் பின்னால் நிரூபிப்பது கஷ்டம். இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டால், குறைந்தது 15 நாள் கெடு வைத்து எழுத்தில் கேட்டுவிட்டு, அப்போதும் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள ஃபிஃபா விதி இடம் தருகிறது. வாட்ஸ்அப்பில் கெஞ்சிக்கொண்டு ஆறு மாதம் ஓட்டிவிடக் கூடாது. ஃபிஃபாவிடம் முறையிடக் காலக்கெடு இரண்டு வருடம்.

கடைசியாக வரி. ஒரு நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்துவிட்டால் அந்த வருடத்து மலேசியச் சம்பளமும் இங்கே கணக்கில் வரும். அங்கே கட்டிய வரியை இரட்டை வரி ஒப்பந்தப்படி கழித்துக்கொள்ளலாம். ஒப்பந்தம் முடிந்து அக்டோபர் பிறப்பதற்கு முன்பே அவர் ஊரோடு வந்துவிட்டால் இந்த நிலைமைதான். அவர் எப்போது வந்துபோனாலும் பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்த பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆடிட்டர் முதலில் கேட்பது அதைத்தான்.