பதில்: மாட்டுப் பட்டி இறங்கும் குளத்தில் பொஸ்பேற்று கூடியது சாணத்தாலா?

மட்டக்களப்பு உறுகாமக் குளத்தில் பட்டி இறங்கும் கரையில் ஒரு தடவை, உன்னிச்சைக் குளத்தில் மாடு இறங்காத கரையில் ஒரு தடவை தண்ணீர் எடுத்தேன், முதலாவதில் பொஸ்பேற்று (பொஸ்பரஸ் சத்தின் ஒரு வடிவம்) கூடுதலாக இருந்தது, அது சாணத்தால்தான் என்று ஆய்வறிக்கையில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து எழுதாதீர்கள். இரண்டு குளமும் பரப்பில், ஆழத்தில், வந்து சேரும் தண்ணீரில் வேறு வேறு, அதற்குள் மாட்டின் பங்கை மட்டும் பிரித்தெடுக்க வழியில்லை.

ஒரே குளத்துக்குள் ஒப்பிடுங்கள். பட்டி இறங்கும் இடங்கள் சில, இறங்காத இடங்கள் சில, அப்புறம் ஓடை வந்து விழும் வாயிலும் கட்டாயம் எடுங்கள், மேலே வயல் இருந்தால் பசளையும் அந்த வழியாகத்தான் வரும்.

இன்னொன்று, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. எருமை கிடந்து எழும்பிய இடத்தில் தண்ணீர் பால்தேத்தண்ணி நிறத்தில் நிற்கும், அடிச்சேற்றில் ஒட்டியிருந்த பழைய பொஸ்பரசும் அதோடு மேலே வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு மாதிரியிலும் பாதியை அங்கேயே வடிகட்டி, மற்றப் பாதியை அப்படியே, இரண்டையும் ஐஸ் பெட்டியில் கொண்டுபோங்கள். கரைந்ததையும் மொத்தத்தையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் சேறு கலங்கியதால் எவ்வளவு என்று ஓரளவு பிடிபடும்.

தண்ணீரில் கரைந்த ஒட்சிசனையும் பார்ப்பதென்றால், அது விடியலில் குறைவு, பின்னேரம் கூடுதல், ஆகவே எப்போதும் ஒரே நேரத்தில் அளவுங்கள். ஓகஸ்ட், செப்டெம்பரில் குளம் வற்றி மாடெல்லாம் கரையில் குவியும், மாரி மழையிலோ மேய்ச்சல் தரைச் சாணம் கழுவிக்கொண்டு வரும். இரண்டு காலமும் வேண்டும். எந்தப் பட்டி எப்போது இறங்கும் என்பதை மாடு பார்ப்பவர்களிடம் கேட்டு இப்போதே குறிக்கத் தொடங்குங்கள்.