ஆடிவேல் அன்று பம்பலப்பிட்டியில் கல்யாணம்

கேள்வி: மகளின் முகூர்த்தம் காலை 11 மணிக்கு. மண்டபம் பம்பலப்பிட்டியில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில். முற்பணம் கட்டிய பிறகுதான் அன்றைக்கே கொழும்பு ஆடிவேல் திருவிழாவின் முருகன் ரதம் அந்தப் பக்கம் வருகிறதென்று தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் கொட்டாஞ்சேனை. என்ன செய்யலாம்?
– ஒரு தகப்பன், வெள்ளவத்தை

பதில்: மண்டபத்தை மாற்ற ஓடாதீர்கள். வடக்கே செட்டியார் தெருவிலிருந்து காலி வீதியால் வரும் ரதம் நடைவேகத்தில், அர்ச்சனைத் தட்டுகளுக்காக நின்று நின்றுதான் நகரும். அதற்கேற்ப பொலிஸார் முன்னால் வீதியை மூடி, பின்னால் திறந்துகொண்டு வருவார்கள். ஆகவே காலி வீதி மூடப்படுவதைவிட, அதைக் குறுக்கே கடப்பதுதான் உங்களுக்குச் சிக்கல். மண்டபம் கடல் பக்கம் என்பதால் வாகனத்தில் வரும் எல்லோரும் எங்காவது ஓரிடத்தில் கடந்தே ஆகவேண்டும்.

அந்த இடம் வெள்ளவத்தையாக இருக்கட்டும். ரதம் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலுக்குத்தான் வருகிறது. அதற்குத் தெற்கே நெரிசல் குறைவு. சம்பந்தி வீட்டார் கோட்டை, காலிமுகத்திடல் என்று வழக்கமான வழியில் வந்தால் ரதத்துக்குப் பின்னால் மாட்டிக்கொள்வார்கள். காலி வீதிக்குச் சமாந்தரமாக ஓடும் டூப்ளிகேஷன் வீதியை நம்பவேண்டாம், திருப்பிவிடும் வாகனங்களெல்லாம் அங்கேதான் கொட்டும். பேஸ்லைன் வீதியில் பொரளை, நாரஹேன்பிட்டி, கிருலப்பனை வந்து, பாமன்கடையால் வெள்ளவத்தைக்கு இறங்கி, அங்கே காலி வீதியைக் கடந்து, கடலோர மரைன் டிரைவில் வடக்கே வரச் சொல்லுங்கள். சுற்றுத்தான், ஆனால் நேரத்துக்கு வரலாம்.

இளசுகள் கோட்டையில் கரையோர ரயில் ஏறட்டும். பம்பலப்பிட்டி நிலையம் கடலோரத்திலேயே இருப்பதால் காலி வீதிப் பக்கமே போகத் தேவையில்லை. பட்டுச்சேலையோடு ரயிலா என்று யாராவது முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

மண்டப வாசலில் உண்டாகும் நெரிசலுக்குப் பொலிஸைக் குறை சொல்ல முடியாது. இறங்குகிறவர்கள் கதவைத் திறந்துவைத்துக் கதைத்துக்கொண்டு நின்றால் பின்னால் ஒழுங்கை முழுக்க அடைபடும். குரல் உரத்த இரண்டு மச்சான்மாரை வாசலில் நிறுத்துங்கள். ஆட்களை இறக்கிய கையோடு வாகனங்களை வெள்ளவத்தைப் பக்கம் அனுப்பட்டும். பத்துக் காருக்குப் பதில் ஒரு மினிபஸ் பிடிப்பது இன்னும் நல்லது.

மாப்பிள்ளை, ஐயர், மேளக்காரர் மூவரும் முதல்நாள் இரவே இந்தப் பக்கம் வந்து தங்கட்டும். மற்றவர்கள் பிந்தினால் சாப்பாடு ஆறும், அவ்வளவுதான். யாழ்ப்பாண விருந்தினர் இரவு பஸ்ஸில் விடியமுன் வெள்ளவத்தையில் இறங்கிவிடுவார்கள், கவலையில்லை.

ரதப் பாதையும் நேரமும் அறிவிக்கப்பட்டதும் பம்பலப்பிட்டிப் பொலிஸில் போக்குவரத்துப் பொறுப்பதிகாரியைக் கண்டு, மண்டபத்தின் பெயரையும் முகூர்த்த நேரத்தையும் எழுத்தில் கொடுங்கள். வயதானவர்கள் வருவார்கள்தானே, 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைக்க நேர்ந்தால் மரைன் டிரைவ் பக்கத்தால் வரச் சொல்லவேண்டும் என்று வாசலில் நிற்பவர்களிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.