செடி வளர்க்கும் மீன் தொட்டியில் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள். தண்ணீரில் இருக்கும் குளோரின் மீனின் செவுளை அரிக்கும், ஃபில்டர் பஞ்சில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும். வெறும் குளோரின் என்றால் வாளியில் பிடித்து ஒரு நாள் ஏர் பம்ப் ஓடவிட்டால் போதும், பறந்துவிடும். ஆனால் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலந்த தண்ணீரில் இது பலிக்காது, அதற்கு சோடியம் தயோசல்பேட்தான் வேண்டும். கற்கண்டு மாதிரி படிகமாகக் கிடைக்கும், லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் உள்ள 100 லிட்டர் தண்ணீருக்கு முக்கால் கிராம் போதும். குளோரமின் உடையும்போது கொஞ்சம் அம்மோனியா மிஞ்சும். செடி அடர்ந்த பழைய தொட்டியில் அதைச் செடிகளே உறிஞ்சிக்கொள்ளும், புதுத் தொட்டியில் அந்த நம்பிக்கை வேண்டாம், அம்மோனியாவையும் கட்டுப்படுத்தும் மீன் தொட்டி கண்டிஷனர் (தண்ணீரைச் சரிசெய்யும் மருந்து) வாங்குங்கள்.

சரி, வருவது போர் தண்ணீரா? அங்கே கடினத்தன்மைதான் தொல்லை. கண்ணாடி ஓரத்தில் வெள்ளைக் கோடு படிந்தால் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் அதிகம் என்று அர்த்தம். பாதிக்குப் பாதி ஆர்ஓ தண்ணீர் கலக்குங்கள். தனி ஆர்ஓ மட்டும் ஊற்றினால் செடிக்கு வேண்டிய கால்சியம், மெக்னீசியம் கிடைக்காது. வீட்டு சாஃப்ட்னர் தண்ணீரைத் தயவுசெய்து தொடாதீர்கள், அது கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தைத்தான் போடுகிறது. நாடா மாதிரி இலை நீளும் வாலிஸ்னேரியா செடி மட்டும் வளர்ப்பதென்றால் கலக்கவே வேண்டாம், கடினத் தண்ணீரிலும் அது நன்றாகப் படரும்.