போர் விமானம் வாங்குறப்ப ஒரு நாடு எத வச்சு முடிவு பண்ணுது, விலையா?

விலை கம்மியா சொல்றவங்ககிட்டதானே வாங்குவாங்கன்னு கேட்டிருக்கீங்க, ஆனா விலை கடைசியிலதான் வரும். இந்தியா 2007-ல 126 போர் விமானத்துக்கு டெண்டர் விட்டப்ப எஃப்-16, எஃப்-18, மிக்-35, கிரிப்பன், டைஃபூன், ரஃபேல்னு ஆறு போட்டி. எல்லாத்தையும் பெங்களூர்ல, ஜெய்சால்மர் பாலைவன வெயில்ல, அப்புறம் லடாக் மலையில இருக்குற லே-லன்னு கொண்டுபோய் சோதிச்சாங்க. லே ஏர்போர்ட் 3,200 மீட்டருக்கும் மேல இருக்கு, காத்து அடர்த்தி கம்மி, அங்க எஞ்சின அணைச்சுட்டு திரும்ப ஸ்டார்ட் பண்ணி ஆயுதத்தோட மேல ஏத்துறதே பெரிய பரீட்சை. 2011-ல டைஃபூனும் ரஃபேலும் மட்டும்தான் மிஞ்சுச்சு. அதுக்கப்புறம்தான் விலைய ஒப்பிட்டாங்க, அதுலயும் வாங்குற காசு மட்டுமில்ல, ஆயுசு பூரா ஓட்டுற செலவு, ஸ்பேர் பார்ட்ஸ் எல்லாம் கூட்டி 2012-ல பிரான்ஸோட ரஃபேல் ஜெயிச்சுது.

ஜெயிச்சும் ஒப்பந்தம் முடியல. 108 விமானம் இங்க நம்ம அரசு விமானக் கம்பெனி ஹெச்ஏஎல்-ல கட்டணும், அதுக்கு யார் கேரண்டி குடுக்குறதுன்னே வருஷக்கணக்கா இழுத்து, கடைசியில டெண்டர கைவிட்டுட்டு 2016-ல 36 மட்டும் நேரா பிரான்ஸ் அரசோட பேசி வாங்குனாங்க.

என்னைக் கேட்டா இதவிட முக்கியம், நாளைக்கு சண்டை வந்தா பார்ட்ஸ் குடுப்பாங்களாங்கறதுதான். 1998 அணுகுண்டு சோதனைக்கு அப்புறம் அமெரிக்கா தடை போட்டதுல நம்ம கடற்படையோட சீ கிங் ஹெலிகாப்டர்கள் பார்ட்ஸ் இல்லாம தவிச்சுது. பிரான்ஸ் அப்படி தடை போடல, அடுத்த வருஷம் கார்கில்ல அவங்ககிட்ட வாங்குன மிராஜ் 2000 போர் விமானம்தான் டைகர் ஹில்ங்கற மலை மேல குண்டு போட்டுச்சு.