டாக்டர் உத்தரவு இல்லாமல் நோயாளியைக் கட்டச் சொன்னால் மனநல வார்டு நர்ஸ் மறுக்கலாமா? பிறகு பிரச்சினை வந்தால் யார் பொறுப்பு?

தாராளமாக மறுக்கலாம், சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் வேலைக்குப் புதிது, இரவு டியூட்டியில் பெரும்பாலும் தனி ஆள், 'ஆள் இல்லாத நேரத்தில் கட்டிப் போட்டால்தான் வார்டை ஓட்ட முடியும்' என்று சீனியர்களே சொல்கிறார்கள் என்று புரிகிறது. நானும் பல வருடமாக மனநல வார்டில்தான் வேலை பார்க்கிறேன். அதனால்தான் இந்தக் கேள்வியைக் கடந்துபோக முடியவில்லை.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பிரிவு 97. நோயாளிக்கோ மற்றவர்களுக்கோ அந்த நேரமே ஆபத்து என்று இருந்து, அதைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால்தான் கட்டலாம். அதற்கும் அவருக்குச் சிகிச்சை தரும் மனநல மருத்துவரின் அனுமதி வேண்டும். தேவைக்கு மேல் ஒரு நிமிடம்கூடக் கட்டி வைக்கக் கூடாது. எப்படிக் கட்டினோம், ஏன், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் கேஸ் ஷீட்டில் இருக்க வேண்டும். நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு (அவர் சார்பில் பேச நியமிக்கப்பட்டவருக்கு) 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். மாதாமாதம், நோயாளிகளின் உரிமையைக் கவனிக்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கும் கணக்குப் போக வேண்டும். உங்களுக்கு முக்கியமான வரி இன்னொன்று: ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டிக் கட்டக் கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. தண்டனையாகவும் கட்டக் கூடாது. தனி அறையில் பூட்டி வைப்பதற்கு அனுமதியே கிடையாது. சங்கிலி போடுவதைப் பிரிவு 95 முழுதாகத் தடை செய்கிறது. சட்டத்தை மீறினால் முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'டாக்டர் சொன்னார், நான் செய்தேன்' என்று சொல்லித் தப்பித்துவிடலாம் என்று நம்பாதீர்கள்.

இனி என் வார்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஓர் இரவு, வயதான நோயாளி ஒருவர் கட்டிலில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தார். கதவைத் தட்டினார், பக்கத்துக் கட்டில்காரரின் போர்வையை இழுத்தார், கேட்டால் பதில் இல்லை. அட்டெண்டர் பழைய பெட்ஷீட்டைக் கிழித்த துணியோடு வந்து நின்றார். டியூட்டி டாக்டருக்குப் போன் போட்டேன். "கட்டுங்க சிஸ்டர், காலைல வந்து எழுதித் தரேன்" என்றார். "சார், நீங்க ஒரு தடவை வந்து பார்த்துடுங்க. இப்ப நீங்க போன்ல சொன்னதை நேரத்தோட நோட்ஸ்ல எழுதிக்கிறேன்" என்றேன். சத்தம் போட்டார். ஆனால் வந்தார்.

அவர் வருவதற்குள் நான் அந்த ஐயாவின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எழும்போதெல்லாம் கை அடிவயிற்றுக்குப் போனது. தொட்டுப் பார்த்தால் கல் மாதிரி இறுகியிருந்தது. கை நடுக்கத்துக்காகக் கொடுத்துவந்த ட்ரைஹெக்சிபெனிடில் மாத்திரை சிலருக்கு, அதுவும் வயதானவர்களுக்கு, சிறுநீரை அடைத்துவிடும். டாக்டர் வந்ததும் சொன்னேன். சிறுநீரை வெளியேற்றும் குழாயான கதீட்டர் போட்டார். பை மளமளவென்று நிறைந்தது. ஐயா திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டார். அவரைக் கட்டியிருந்தால் விடிய விடிய அந்த வலியோடு கிடந்திருப்பார். 'நோயாளி ஆவேசமாக இருந்தார்' என்ற ஒற்றை வரிதான் ஷீட்டில் இருந்திருக்கும்.

'எல்லா ஆவேசமும் சிறுநீர் அடைப்பா? வார்டில் நின்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்' என்று கீழே யாராவது எழுதுவார்கள் என்று தெரியும். நின்று பார்த்திருக்கிறேன். முகத்தில் குத்து வாங்கியிருக்கிறேன். கட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தலையைச் சுவரில் மோதிக்கொண்டே இருந்த பையனை, மனநல மருத்துவர் நேரில் வந்து பார்த்து உத்தரவு எழுதிய பிறகு, நானே கட்டியிருக்கிறேன். துணிக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் போகிற இடம் விட்டு, விரல் நுனி நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டு, தண்ணீர் கொடுத்து, பாத்ரூம் போக வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அமைதிப்படுத்தப் போட்ட ஊசி வேலை செய்ததும் அவிழ்த்தாயிற்று. கட்டிவிட்டு டீ குடிக்கப் போவதை எந்தக் காரணம் சொல்லியும் என்னால் ஏற்க முடியாது.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் நடந்தது எனக்கு மறக்கவில்லை. மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது சங்கிலியில் இருந்த 28 பேர் ஓட முடியாமல் செத்துப்போனார்கள். அது மருத்துவமனை இல்லை, நாங்கள் வேறு என்று சிலர் சொல்வார்கள். கட்டிப் போட்டுவிட்டுக் கவனிக்க ஆள் இல்லை என்றால் அங்கும் இங்கும் ஒரே ஆபத்துதான்.

எழுதுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், கோபமாகவே சொல்கிறேன். ஒழுங்காக நோட்ஸ் எழுத நேரம் வேண்டும். டியூட்டி முடிந்து உட்கார்ந்து எழுதினால் அந்த நேரத்துக்கு எந்தக் கணக்கும் இல்லை. ஆனால் காலையில் பஸ் லேட்டாகி விரல் ரேகை மெஷினில் பத்து நிமிடம் தாமதமாக வைத்தால் அரை நாள் லீவு பிடிக்கிறார்கள். கான்ட்ராக்டில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சம்பளத்திலேயே கை வைக்கிறார்கள். இதைக் கேட்க யாரும் இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 'மாட்டேன்' என்று மட்டும் சொன்னால் உங்களை ஒத்துழைக்காதவர் என்பார்கள். எனக்கும் அந்தப் பெயர் கிடைத்தது, வேலை போகவில்லை. 'நீங்கள் வந்து பார்த்து எழுதிக் கொடுங்கள், அதுவரை நான் பக்கத்தில் இருக்கிறேன்' என்று சொல்லுங்கள். யாருக்கு, எத்தனை மணிக்குப் போன் செய்தீர்கள், என்ன பதில் வந்தது, நோயாளி அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை அப்போதே எழுதுங்கள். 'ஆவேசம்' என்று எழுதாதீர்கள். கதவைத் தட்டினார், போர்வையை இழுத்தார் என்று பார்த்ததை எழுதுங்கள். பி.பி., நாடித்துடிப்பு, சுகர், சிறுநீர் போனாரா, மலம் போனாரா, புது மாத்திரை ஏதாவது தொடங்கியதா என்பதையெல்லாம் டாக்டர் வருவதற்குள் பார்த்து வையுங்கள். அந்தத் தாளை யாராவது மாற்றி எழுதச் சொன்னால் மாற்றாதீர்கள். விட்டுப்போனது இருந்தால் கீழே புதிதாக, அந்த நேரத்தைப் போட்டு, கையெழுத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.