பேஸ்மென்ட்டில் பியர் காய்ச்சத் தண்ணீர் வசதி: சுவரை உடைக்க வேண்டியதில்லை

கேள்வி: கனடாவில், ஸ்கார்பரோவில் வசிக்கிறோம். வீட்டுக்கென்று 20 லிட்டர் அளவில் பியர் காய்ச்சுவது வழக்கம். இதுவரை கராஜ் வாசலில் புரோபேன் அடுப்பு வைத்து, தோட்டத்துக் குழாயிலிருந்து ஹோஸ் இழுத்துச் சமாளித்தேன். நவம்பர் வந்தால் வெளிக்குழாயை மூடிவிட வேண்டியிருக்கிறது. பேஸ்மென்ட்டில் வாஷிங் மெஷின் பக்கத்தில் இடம் இருக்கிறது. அங்கே தண்ணீர் வசதி செய்ய என்னென்ன வேண்டும்? சுவரை உடைத்துப் புதுக் குழாய் போட வேண்டுமா? ஃபில்டர் கட்டாயமா?

பதில்: தண்ணீர் விஷயத்துக்கு வரும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த புரோபேன் அடுப்பை மட்டும் உள்ளே கொண்டுபோகாதீர்கள். ஜன்னலைத் திறந்து வைத்தாலும், மின்விசிறி போட்டாலும் கூடாது. மூடிய இடத்தில் அது கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மேல்மாடியில் தூங்குகிறவர்களையும் சேர்த்துக் கொன்றுவிடும். உள்ளே காய்ச்சுவதென்றால் மின்சாரக் கெட்டில்தான், அதாவது மின்சாரத்தில் சூடாகும் பெரிய பியர்ப் பாத்திரம். 240 வோல்ட்டில் ஓடும் கெட்டில் வாங்குவதாக இருந்தால், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஜி.எஃப்.சி.ஐ. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் அமைப்பு) பாதுகாப்போடு இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். கீழே ஈரத் தரை, கையில் ஹோஸ், பக்கத்தில் 240 வோல்ட். இந்த இடத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

சரி, தண்ணீர். முதலில் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுவோம். ஃபெர்மென்டருக்குள் (பியர் நொதிக்கும் கலன்) 20 லிட்டர் போய்ச் சேர வேண்டும். 5 கிலோ மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) தன் பங்குக்குச் சுமார் 5 லிட்டரை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு மணி நேரக் கொதியில் 3 முதல் 4 லிட்டர் ஆவியாகும். கெட்டிலின் அடியில் கசடோடு 2 லிட்டர் தங்கிவிடும். ஆக, பியருக்குள் போகிற தண்ணீர் 30, 31 லிட்டர்தான். ஆனால் கொதித்த வோர்ட்டை (மால்ட் ஊறிய இனிப்புச் சாறு) குளிரவைக்க அதைப்போல இரண்டு மூன்று மடங்கு ஓடிவிடும். கழுவ இன்னும் 30, 40 லிட்டர். மொத்தம் 150 லிட்டரைத் தொடலாம். பக்குவம் பார்க்க வேண்டியது அந்த 31 லிட்டருக்கு மட்டுமே. மற்றதெல்லாம் குழாயில் வருகிறபடியே வரட்டும். இது மனதில் இருந்தால் பாதிச் செலவு குறைந்துவிடும்.

சுவரை உடைக்க வேண்டாம். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் சுவரில் சுடுதண்ணீருக்கு ஒன்று, குளிர்ந்த தண்ணீருக்கு ஒன்று என்று இரண்டு வால்வுகள் இருக்குமே, அவற்றின் மரை முக்கால் அங்குல ஹோஸ் மரை. உங்கள் தோட்டத்து ஹோஸில் இருக்கும் அதே மரைதான். குளிர்ந்த தண்ணீர் வால்வில் இருக்கும் மெஷின் ஹோஸைக் கழற்றி, அங்கே பித்தளையில் செய்த Y வடிவப் பிரிப்பானை முடுக்குங்கள். ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனித் திருகு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு கிளையில் மெஷின், இன்னொரு கிளையில் உங்கள் பியர் ஹோஸ். ரப்பர் வாஷரைப் புதிதாகப் போட்டு, கையால் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று கொடுத்தால் போதும். பிளாஸ்டிக் பிரிப்பான் வேண்டாம். வாரம் முழுக்க அழுத்தம் தாங்கி நிற்கப்போகிற பொருள், விரிசல் விட்டால் பேஸ்மென்ட்டே குளமாகிவிடும்.

செம்புக் குழாயில் ஊசி குத்தித் துளை போடும் வகை வால்வுகளைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். துளை சிறியது, தண்ணீர் மெல்லத்தான் வரும். நாளடைவில் கசியவும் கசியும்.

அடுத்தது பின்னோட்டத் தடுப்பான். பெரும்பாலோர் இதை விட்டுவிடுகிறார்கள், நான் இதை விடவே மாட்டேன். தெருவில் பிரதான குழாய் உடைந்தாலோ, தீயணைப்பு வண்டி பக்கத்தில் தண்ணீர் இழுத்தாலோ, வீட்டுக் குழாயில் அழுத்தம் சட்டென்று விழும். அந்த நேரத்தில் உங்கள் ஹோஸின் முனை சானிடைசர் வாளிக்குள் முங்கிக் கிடந்தால், வாளியில் உள்ளதைக் குழாய் பின்னோக்கி உறிஞ்சிவிடும். அது குடிக்கிற தண்ணீரில் போய்க் கலக்கும். இதைத் தடுக்க, ஹோஸ் மரையிலேயே முடுக்கும் வாக்குவம் பிரேக்கர் ஒன்று ஹார்டுவேர் கடையில் சில டாலருக்குக் கிடைக்கும். Y பிரிப்பானின் உங்கள் கிளையில் முதலில் அது, அதற்குப் பிறகுதான் ஹோஸ். தண்ணீரை நிறுத்தும்போது அதன் பக்கவாட்டிலிருந்து கொஞ்சம் நீர் சிதறும். பழுதென்று நினைக்காதீர்கள், அது வேலை செய்கிற விதமே அப்படி. எப்போதும் அழுத்தத்தில் நிற்க அது செய்யப்படவில்லை. அதனால் ஹோஸ் முனையில் ஸ்பிரே துப்பாக்கி மாட்டி அங்கே மூடிவைக்காமல், வேலை முடிந்ததும் பிரிப்பானின் திருகையே மூடிவிடுங்கள். தடுப்பான் இருந்தாலும் கெட்டில் நிரப்பும்போது ஹோஸ் முனை தண்ணீர் மட்டத்துக்கு மேலேயே நிற்கட்டும்.

தோட்டத்தில் இழுத்த பச்சை ஹோஸை உள்ளே கொண்டுவர வேண்டாம். அதன் பிளாஸ்டிக் வாடை தண்ணீரில் இறங்கும், பியரிலும் தெரியும். குடிநீருக்கு உகந்தது என்று போட்டிருக்கும் ஹோஸ், கேம்பர் வண்டிக்காரர்கள் வாங்கும் வெள்ளை நிற வகை, 3 மீட்டர் நீளம் போதும். நிரப்புவதும் குளிரவைப்பதும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. ஆகவே ஒரே ஹோஸ் இரண்டுக்கும் ஆகும்.

சுடுதண்ணீர் வால்வைத் தொடாதீர்கள். சீக்கிரம் சூடாகுமே என்று ஆசை வரும். ஆனால் ஹீட்டர் தொட்டியில் தங்கிய தண்ணீரில் அடிமண்டியும் உலோகமும் கலந்திருக்கும். பழைய வீடுகளில் ஈயமும் சூட்டில் கூடுதலாகக் கரையும். டொராண்டோவில் 1950களின் நடுப்பகுதிக்கு முன் கட்டிய வீடுகளில் ஈயக் குழாய் இருக்க வாய்ப்புண்டு. நகராட்சி 2014 முதல் அரிப்பைக் குறைக்கத் தண்ணீரில் பாஸ்பேட் சேர்த்து வருகிறது. என்றாலும் காலையில் முதலில் வரும் தண்ணீரைச் சில நிமிடம் ஓடவிட்டு, நன்றாகக் குளிர்ந்து வந்தபின் பிடியுங்கள்.

இனி ஃபில்டர். டொராண்டோ தண்ணீர் ஒன்டாரியோ ஏரித் தண்ணீர், பியருக்கு நல்ல தண்ணீர். நடுத்தரக் கடினம், எந்த உப்பும் தூக்கலாக இல்லை. ஆனால் கிருமிநீக்கத்துக்கு அதில் குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் இருக்கிறது. வெறும் குளோரின் என்றால் இரவு முழுக்கத் திறந்துவைத்தாலோ கொதிக்கவைத்தாலோ போய்விடும். குளோரமின் அப்படி லேசில் போகாது. அது மால்ட்டிலிருந்து வரும் பீனாலோடு சேர்ந்தால் குளோரோபீனால் உண்டாகும். பியரைக் கிளாஸில் ஊற்றியதும் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி மாதிரி ஒரு மருந்து வாடை மூக்கில் ஏறும். மிகக் கொஞ்சம் இருந்தாலே தெரிந்துவிடும், ஒருமுறை வந்துவிட்டால் எடுக்கவும் முடியாது.

கார்பன் ஃபில்டர் குளோரமினைப் பிடிக்கும்தான், ஆனால் தண்ணீர் மெதுவாகப் போனால் மட்டும். சாதாரண 10 அங்குல ஃபில்டரில் மிக மெல்லிய ஓட்டத்தில்தான் விட வேண்டும். உங்கள் 31 லிட்டருக்கு அது வெகு நேரம் பிடிக்கும். வால்வை முழுசாகத் திறந்துவிட்டால் ஃபில்டர் மாட்டியிருக்கிறோம் என்ற நிம்மதி மட்டும்தான் மிச்சம். அதைவிட எளிது காம்ப்டன் மாத்திரை, அதாவது சல்பைட் உப்பு மாத்திரை. பியர், வைன் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். ஒரு மாத்திரை சுமார் 75 லிட்டருக்குப் போதும், உங்களுக்கு அரை மாத்திரை தாராளம். கரண்டியின் முதுகால் பொடித்து, கெட்டில் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். மால்ட் போடுவதற்குள் சில நிமிடங்களில் குளோரமின் செயலிழந்துவிடும். என்னைக் கேட்டால், முதலில் மாத்திரை. ஃபில்டருக்கு ஒதுக்கிய பணத்தை நல்ல ஹோஸுக்கும் பித்தளைச் சாமானுக்கும் போடுங்கள். ஏற்கெனவே ஃபில்டர் வைத்திருந்தால் பயன்படுத்தலாம். ஒவ்வொரு முறையும் முடிந்ததும் அதன் கிண்ணத்தைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கிருமிநாசினி நீங்கிய தண்ணீர் உள்ளே தேங்கினால் அதில் கிருமி வளரும்.

குளிரவைக்கும் கட்டத்தில் உள்ளே வருகிற தண்ணீரைவிட வெளியே போகிற தண்ணீரில்தான் கவனம் வேண்டும். குளிர்ந்த தண்ணீர் உள்ளே ஓடும் செம்புச் சுருளைக் கொதிக்கும் வோர்ட்டில் இறக்கித் தண்ணீரைத் திறந்ததும், மறுமுனையில் வருவது கையைச் சுடும் வெந்நீர். சாதாரண வினைல் குழாய் அந்தச் சூட்டில் இளகி, மாட்டிய முனையிலிருந்து வழுக்கிக் கழன்றுவிடும். வெளியேறும் பக்கத்துக்குச் சிலிக்கோன் குழாய் போட்டு, கிளிப் வைத்து முடுக்கி, லாண்டரித் தொட்டியின் விளிம்பில் கட்டிவையுங்கள். இன்னொன்று: சுருளில் ஹோஸ் இணையும் இடம் கெட்டில் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அங்கே ஒரு சொட்டு கசிந்தாலும் தரையில் விழட்டும், ஆறிய வோர்ட்டில் விழுந்தால் கொதிக்காத தண்ணீர் பியருக்குள் போய்விடும். கெட்டிலைச் சூடாக்குவதற்கு முன்பே ஒருமுறை தண்ணீர் விட்டுக் கசிவு பார்த்துவிடுங்கள்.

முதலில் வரும் 20 லிட்டர் வெந்நீரை வாளியில் பிடித்தால் பாத்திரம் கழுவ ஆகும். ஜனவரி, பிப்ரவரியில் குழாய்த் தண்ணீர் 5 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும் என்பதால் குளிரவைப்பது சீக்கிரம் முடியும். கோடையில்தான் தண்ணீர் அதிகம் செலவாகும். மெஷினின் கழிவுநீரும் அதே தொட்டிக்குத்தான் வருகிறதென்றால் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிடாதீர்கள், தொட்டி வழிந்துவிடும். ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பு தரும் பூ) கசடும் மால்ட் சக்கையும் வடிகாலை அடைத்துக்கொள்ளும். அவை உணவுக் கழிவுக்கான பச்சைத் தொட்டிக்குப் போகட்டும்.

ஒரு மணி நேரத்தில் 3, 4 லிட்டர் நீராவி பேஸ்மென்ட்டில் பரவினால் சுவரில் பூஞ்சை வரும். கெட்டிலுக்கு மேலே ஆவியை வெளியே தள்ளும் ஃபேன் ஒன்று அவசியம்.

கிச்சனர், குவெல்ஃப் பக்கம் இருப்பவர்களும் இதைப் படித்துவிட்டு இறங்கலாம், அவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே பெரும்பாலும் நிலத்தடி நீர், கடினம் மிக அதிகம், வீட்டுக்கு வீடு அந்தக் கடினத்தைக் குறைக்கும் வாட்டர் சாஃப்ட்னர் இருக்கும். தோட்டத்துக் குழாய் பெரும்பாலும் சாஃப்ட்னரைத் தொடாமல் நேராக வருகிறது, வாஷிங் மெஷின் குழாயோ சாஃப்ட்னர் வழியாக வருகிறது. சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தைக் கொடுக்கும், காரத்தன்மையை அப்படியே விட்டுவிடும். பியருக்கு இது ஒத்துவராது. அதனால் வெளியே நன்றாக வந்த பியர் உள்ளே காய்ச்சினால் சப்பென்று ஆகக்கூடும். அப்படிப்பட்ட வீட்டில் சாஃப்ட்னருக்கு முன்னால் ஒரு கிளை பிரித்துத் தரும்படி பிளம்பரிடம் சொல்லுங்கள். இல்லையென்றால், தண்ணீர் பிடிக்கும் நேரத்துக்கு மட்டும் சாஃப்ட்னரின் பைபாஸ் வால்வைத் திருப்பிவிட்டு, குழாயைச் சில நிமிடம் ஓடவிட்டுப் பிடித்தாலும் போதும்.